எட்டு மாதம் அணைக்காத கம்ப்யூட்டர்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் மூன்று பேர். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் மாலை வரை அந்த இடங்கள் அதிகம் மாறவில்லை.

அண்ணி, மேஜைக்கு முன்னால், முதுகு சாய வழியில்லாத பிளாஸ்டிக் முக்காலியில். அவள் மகள், ஜன்னலோரக் கட்டிலில், காலை மடக்கிக்கொண்டு, மடியில் ஒரு கோடு போட்ட நோட்டுடன். கொழுந்தன், தொழிலால் ‘திருப்புளி’ என்றே பெயர் வாங்கியவன், மேஜைக்கு அடியில், வெறுந்தரையில், சி.பி.யூ. பெட்டிக்குப் பக்கத்தில்.

நாற்காலி ஒன்றும் இருந்தது. சக்கரம் வைத்தது. இடது கைப்பிடியில் ரெக்சின் கிழிந்து பஞ்சு தெரிந்தது. அறையின் நடுவில், நடப்பதற்கு இடைஞ்சலாக நின்றது. மூன்று பேரும் அதைச் சுற்றிக்கொண்டு போனார்களே தவிர, யாரும் உட்காரவும் இல்லை, ஓரமாகத் தள்ளவும் இல்லை.

அது அண்ணனுடைய நாற்காலி. அண்ணன் போய் எட்டு மாதம் ஆகிறது.

போன வாரம் அண்ணியிடமிருந்து அவனுக்குப் போன் வந்தது. இரண்டு வருஷத்தில் முதல் போன். கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவாக இருக்கிறது, வந்து பார்க்க முடியுமா என்று கேட்டாள். சௌக்கியமா என்று அவளும் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை. சனிக்கிழமை பதினொரு மணிக்கு என்று முடிவாயிற்று. கடையில் இருப்பதிலேயே நல்லதாக ஒரு எஸ்.எஸ்.டி. டிஸ்க், ஒரு எட்டு ஜி.பி. ரேம், பத்துப் பன்னிரண்டு ஸ்க்ரூ எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு அவன் பத்தே முக்காலுக்கே தெருமுனைக்கு வந்துவிட்டான். கால் மணி நேரம் அங்கேயே நின்றான்.

பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவனுக்கு ஒரு கம்ப்யூட்டரைப் பார்க்கப் போக ஏன் இத்தனை தயக்கம்? காரணம் இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே அறையில், இதே கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டது என்று அண்ணன் கூப்பிட்டார். அண்ணனுக்கு வீட்டு பிளான் வரைவது தொழில். டிஸ்க் நிரம்பி வழிந்தது. இடம் பண்ணுகிறேன் என்று உட்கார்ந்தவன், ‘பழசு’ என்று பெயர் வைத்திருந்த ஒரு ஃபோல்டரைக் கேட்காமல் கொள்ளாமல் அழித்தான். பெயரே பழசு, அதில் என்ன இருக்கப்போகிறது என்று நினைத்தான். அதில் இருந்தது, அண்ணனும் தம்பியும் சேர்ந்து இருக்கப்போகிற வீட்டுக்கு அண்ணன் பதினொரு வருஷமாக வரைந்து வரைந்து திருத்தி வைத்திருந்த பிளான்.

அண்ணன் கத்தவில்லை. அந்தச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே, “இனிமே என் மெஷினைத் தொடாதே” என்றார். அவ்வளவுதான். திருப்புளி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். அப்புறம் அவன் இந்தத் தெருவுக்கு வந்தது எட்டு மாதம் முன்பு, எல்லாம் முடிந்த பிறகு. வந்தவன் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டுப் போனான்.

இப்போது அதே மெஷின், அதே கை.

“முதல்ல ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிடலாம் அண்ணி,” என்றான். கடைக்கு வருகிற பத்துப் பேரில் ஏழு பேருக்கு அவன் சொல்வது அதைத்தான்.

“வேண்டாம்” என்று இரண்டு குரல் ஒன்றாகக் கேட்டது.

அவன் மேஜைக்கு அடியிலிருந்து தலையை வெளியே நீட்டினான். தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மகளுக்கு வீட்டில் வக்கீல் என்று பெயர். நாலு வயதில், தூங்கப் போகச் சொன்னதற்கு ஏழு காரணம் காட்டி வாதாடியதால் அண்ணன் வைத்த பெயர். இப்போது கல்லூரி கடைசி வருஷம். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது.

வக்கீல்தான் விளக்கினாள். “சித்தப்பா, இது கம்ப்யூட்டர் இல்ல, ஐ.சி.யூ. பேஷண்ட். அப்பா போன அன்னிலேர்ந்து இதை அணைக்கல. பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. அணைச்சா திரும்ப உள்ள போக முடியாது. அப்டேட் வந்து தானா ரீஸ்டார்ட் ஆயிடும்னு நெட் கேபிளைக்கூட நான் பிடுங்கிட்டேன்.”

மின்சாரம் போனால் யூ.பி.எஸ். இருபது நிமிஷம் தாங்கும் என்றும், ஒரு தடவை பதினெட்டு நிமிஷம் வரை போய்விட்டது என்றும், அந்தப் பதினெட்டு நிமிஷமும் அம்மா சி.பி.யூ. பெட்டி மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள் என்றும் சொன்னாள். திருப்புளி பெட்டியின் பக்கவாட்டில் கையை வைத்துப் பார்த்தான். சுட்டது. காய்ச்சல்காரன் நெற்றியைப் போல் இருந்தது. சட்டென்று கையை எடுத்துக்கொண்டான்.

ஓடுகிற நிலையிலேயே பார்க்க வேண்டியதைப் பார்த்தான். நினைவகம் தொண்ணூற்றேழு சதவிகிதம் நிறைந்திருந்தது. டிஸ்க்கில் இடம் இல்லை. சிவப்புப் பட்டை கடைசி நூல் வரை வந்துவிட்டது. பக்கப் பலகையைக் கழற்றினால் உள்ளே கம்பளி மாதிரி தூசி. தூசியில் பென்சில் சீவிய தூள் கலந்திருந்தது. அண்ணன் கம்ப்யூட்டரில் வரைவதற்கு முன்னால் எதையும் ஒரு தடவை தாளில் வரைந்து பார்ப்பவர். எட்டு மாதம் கழித்தும் மரவாசனை லேசாக வந்தது.

எல்லாவற்றையும்விட டிஸ்க்கின் சத்தம் அவனுக்குப் பிடிக்கவில்லை. நல்ல டிஸ்க் முனகும். இது முனகி, நின்று, உள்ளே யாரோ விரலால் தட்டுகிற மாதிரி இரண்டு தட்டுத் தட்டி, மறுபடி முனகியது.

“இந்தச் சத்தம் எப்பலேர்ந்து?”

பத்து நாளாக என்றாள் அண்ணி. அதனால்தான் போன் செய்தாளாம். ஸ்கேன் சென்டருக்கு ரிப்போர்ட் டைப் செய்து கொடுப்பது அவள் வேலை. டாக்டர் பேசியதைக் காதில் கேட்டு அடித்து, பென் டிரைவில் போட்டு, இரண்டு தெரு தள்ளிக் கொண்டுபோய்க் கொடுப்பாள். முன்பு நாளைக்கு முப்பது ரிப்போர்ட் அடித்தாள். இப்போது ஒரு ரிப்போர்ட் திறக்கவே இருபது நிமிஷம். திங்கட்கிழமையிலிருந்து சரியாக வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.

“டிஸ்க் போகப்போகுது அண்ணி. இன்னிக்கோ நாளைக்கோ சொல்ல முடியாது. புதுசு கொண்டு வந்திருக்கேன், மாத்திடலாம். ஆனா மாத்தணும்னா அணைச்சுத்தான் ஆகணும்.”

அண்ணி மவுஸை எடுத்தாள். தன் ரிப்போர்ட் திறந்திருந்த சன்னலைத் திரையின் அடியில் இறக்கினாள். அது இறங்கவே முக்கால் நிமிஷம் ஆயிற்று. பின்னால் இன்னொரு சன்னல் இருந்தது. கீழே நாலில் நாலாவது பக்கம் என்று எண் காட்டியது. மேலே ஆறு வரி.

திருப்புளி எழுந்து வந்து, நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போய் நின்று, படித்தான்.

‘அன்று உன்னிடம் சொன்ன சொல்லை நான் திரும்பப் பெறப்போவதில்லை. அதற்கான காரணத்தை முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டேன். நிதானமாகப் படி. இரண்டு தடவை படி. படித்துவிட்டு நீயே ஒரு முடிவுக்கு வா. இது எதுவும் உன் அண்ணிக்குத் தெரிய வேண்டாம். அவள்’

அதோடு நின்றது. ‘அவள்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் கோடு மினுக்கிக்கொண்டிருந்தது.

தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்த மனிதர் சமையலறை வாசலைத் தாண்டவில்லை. இது அண்ணி சொன்னது. ரிப்போர்ட் படிக்கிற மாதிரியே சொன்னாள்.

“மேல மூணு பக்கம் இருக்கே. நீங்க படிக்கலையா?” என்று கேட்டான் திருப்புளி.

“ஒரே ஒரு தடவை சேவ் பண்ணிப் பாத்தோம் சித்தப்பா, அந்த வாரமே,” என்றாள் வக்கீல். “என்ன பேர்னு கேக்கறதுக்கு முன்னாடியே நாப்பது நிமிஷம் திரை வெள்ளையா நின்னுபோச்சு. போயிடுச்சுன்னே நினைச்சோம். எப்படியோ திரும்பி வந்துச்சு, சேவ் மட்டும் ஆகல. அன்னிலேர்ந்து அம்மா அதுமேல கையே வைக்க விடல. கீழ இருக்கிற அந்த ஆறு வரிதான் எங்களுக்குத் தெரியும்.”

எட்டு மாதம், ஒவ்வொரு நாளும், ‘அவள்’ என்று நின்றுபோன வாக்கியத்துக்கு முன்னால் உட்கார்ந்து யாரோ ஒருவருடைய நுரையீரலைப் பற்றி அண்ணி டைப் செய்திருக்கிறாள்.

திருப்புளி தன் தொழிலின் பக்கம் ஒதுங்கினான். அங்கேதான் அவனுக்கு நிற்க இடம் உண்டு. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை தானாகச் சேமித்துக்கொள்ளும் வசதி ஒன்று இருக்கிறதே, அது எங்கேயாவது ஒரு பிரதியை வைத்திருக்குமே என்று தேடினான். இல்லை. அந்த வசதி நிறுத்தப்பட்டிருந்தது. நிறுத்தியது யார் என்று யோசித்தவனுக்கு உடனே நினைவு வந்துவிட்டது. ஆறு வருஷம் முன்பு, வரையும்போது நடுநடுவே நிற்கிறது, வேகமாக்கிக் கொடு என்று அண்ணன் கேட்டார். அவன்தான் நிறுத்தினான். அன்று அதற்காக அண்ணன் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

அதை மறைக்கவில்லை. “இது நான் பண்ணின வேலை அண்ணி,” என்றான்.

“தெரியும். யார் பண்ணினதுன்னு நான் கேக்கல. இப்ப என்ன பண்ணணும்னு சொல்லுங்க தம்பி.”

என்ன செய்யவேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. டிஸ்க்கில் இடம் இல்லாததால்தான் சேமிக்கப் போனபோது திணறிற்று. முதலில் இடம் பண்ண வேண்டும். பிறகு தேவையில்லாமல் ஓடுகிறவற்றை ஒவ்வொன்றாக மூட வேண்டும். நினைவகம் கொஞ்சம் மூச்சு விட்டதும், கடிதத்தைச் சாகப்போகிற டிஸ்க்கில் சேமிக்காமல் நேராகப் பென் டிரைவில் சேமிக்க வேண்டும்.

இந்தத் தடவை கேட்காமல் எதையும் அழிப்பதில்லை என்று சபதம். அவன் பெயரைப் படிப்பான், அண்ணி சரி என்பாள், வக்கீல் நோட்டில் எழுதுவாள், அப்புறம்தான் அழிப்பான். தற்காலிகக் கோப்புகள், சரி. பிரிண்டர் விட்டுப்போன குப்பை, சரி. மூன்று வருஷத்துக்கு முந்தைய ஏதோ விளையாட்டு.

“இது யாரோடது?”

“அப்பாவோடது,” என்றாள் வக்கீல். “பலூன் உடைக்கிறது. பிளான் வரையறேன்னு சொல்லிட்டு அதைத்தான் ஆடுவாரு.”

அண்ணி சிரித்துவிட்டாள். சிரித்தது அவளுக்கே எதிர்பாராதது போல் வாயைப் பொத்திக்கொண்டாள். விளையாட்டை அழிக்கவில்லை.

இதெல்லாம் சேர்ந்தும் கால் ஜி.பி. தேறவில்லை. இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது எது என்று பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தச் சொன்னான். பட்டியல் வர ஆறு நிமிஷம் ஆயிற்று. முதல் பெயரைப் பார்த்ததும் அவன் கை மவுஸை விட்டு விலகிவிட்டது.

‘பழசு.’

தேதி, அவன் இந்த வீட்டை விட்டுப் போனதற்கு மூன்று வாரம் பிந்தியது.

“அவர் மறுபடி வரைஞ்சார்,” என்றாள் அண்ணி. “எல்லாத்தையும். தாள்ல வரைவார், ஸ்கேன் பண்ணி உள்ள ஏத்துவார். ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்தச் சமையலறை ஜன்னலை மட்டும் பதினாலு தடவை வரைஞ்சார்.”

தம்பிகிட்ட சொல்லலாமே என்று அவள் அண்ணனிடம் கேட்டாளாம். முடியட்டும் என்றாராம். முடிந்ததா என்று திருப்புளி கேட்கவில்லை.

அழிந்துபோனது திரும்பவும் உயிரோடு வந்து உட்கார்ந்திருந்தது. அதுதான் டிஸ்க்கை அடைத்துக்கொண்டிருந்தது. கடிதம் பிழைக்க வேண்டுமானால் அதை இன்னொரு தடவை அழித்தாக வேண்டும்.

தன்னுடைய வெளி டிஸ்க்கைச் செருகி நகல் எடுக்கத் தொடங்கியபோது மணி பன்னிரண்டே கால். பட்டை எறும்பு மாதிரி நகர்ந்தது. ஒவ்வொரு தட்டுச் சத்தத்துக்கும் மூன்று பேரும் பேச்சை நிறுத்தினார்கள். சாப்பாடு மேஜையில் ஆறியது. இடையில் வக்கீல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, யாருக்கோ சொல்வது போல, “நாலரைக்குள்ள முடியுமா? நாலரைக்கு அப்பா வருவாரு,” என்றாள்.

திருப்புளி நிமிர்ந்தான்.

தினமும் நாலரைக்கு, யாரும் தொடாமலே, பெட்டியின் சின்ன விளக்கு படபடவென்று அடிக்குமாம். டிஸ்க் உறுமத் தொடங்குமாம். முக்கால் மணி நேரம் ஓடி நின்றுவிடுமாம். அண்ணன் கட்டட சைட்டிலிருந்து திரும்பி வந்து நாற்காலியில் உட்காருகிற நேரமும் அதுதான். முதல் மாதம் வக்கீல் அந்த நேரத்தில் வீட்டிலேயே இருக்கமாட்டாளாம். அண்ணி மட்டும் இரண்டு டம்ளர் காபியோடு வந்து முக்காலியில் உட்காருவாளாம்.

“ரெண்டா?”

“ரெண்டாவதை அம்மாவே குடிச்சிடுவாங்க,” என்றாள் வக்கீல். அதில் கேலி இல்லை.

திருப்புளிக்கு அது என்னவென்று அந்த நொடியே தெரிந்துவிட்டது. தெரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். டிஸ்க்கில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடப்பதை ஒழுங்காக அடுக்கி வைக்கிற வேலை அது. தினமும் நாலரைக்குத் தானாக நடக்கும்படி ஆறு வருஷம் முன்பு நேரம் குறித்து வைத்தவன் அவனே. அந்த நாளில் அண்ணன் இருட்டும் வரை சைட்டில் இருப்பார், தொந்தரவு இருக்காது என்ற கணக்கு. நல்ல டிஸ்க்குக்கு அது மருந்து. இந்த டிஸ்க்குக்கு அது விஷம். எட்டு மாதமாக அண்ணி காபி வைத்துக்கொண்டு காத்திருந்த சத்தம்தான் டிஸ்க்கைக் கொன்றுகொண்டிருந்தது.

சத்தமில்லாமல் அதை நிறுத்திவிடலாம் என்று பார்த்தான். பாஸ்வேர்டு கேட்டது.

மூன்று மணிக்கு நகல் முடிந்தது. இரண்டு பக்கமும் கோப்புகளை எண்ணச் சொன்னான். அங்கே ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு, இங்கே ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு. வக்கீல் நோட்டில் எழுதி அடியில் கோடு போட்டாள். சும்மா ஒன்றைத் திறந்து பார்த்தான். சமையலறை ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே அண்ணன் கையெழுத்தில், ‘தம்பி பைக் நிறுத்துமிடம்.’

மூடிவிட்டான்.

“அண்ணி, நீங்க அழுத்துங்க. எனக்கு ஆகல.”

“நீங்களே அழுத்துங்க தம்பி. அன்னிக்குக் கேக்காம அழுத்தினீங்க. இன்னிக்கு நான் சொல்லி அழுத்துங்க.”

அழுத்தினான். சிவப்புப் பட்டை மெள்ளப் பின்வாங்கி நீலமாயிற்று. மணி மூன்றே முக்கால்.

அப்போதுதான் நாலரையைப் பற்றிச் சொன்னான். சுற்றி வளைக்கவில்லை. அது அண்ணன் இல்லை, தான் போட்ட நேரம் என்றான். சொல்லிவிட்டு அண்ணி முகத்தைப் பார்க்காமல் ஸ்க்ரூ டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான்.



“அவர் இல்லன்னு எனக்குத் தெரியாதா தம்பி?” என்றாள் அண்ணி. “நான் அவ்வளவு பித்து இல்ல. அந்த நேரத்துல இந்த வீட்டுல ஏதோ ஒண்ணு, யாரும் சொல்லாம, தன் வேலையைத் தானே செஞ்சுது. எனக்கு அது போதுமா இருந்துச்சு.” பிறகு, “நீங்க போட்டதுன்னு தெரிஞ்சிருந்தா காபியை உங்களுக்கு அனுப்பியிருப்பேன்,” என்றாள்.

நாலு மணி ஐந்து நிமிஷத்துக்குத் தன் பென் டிரைவைச் செருகினான். சேமி என்ற இடத்தை அழுத்தினான். என்ன பெயரில் என்று கேட்டு ஒரு சின்னக் கட்டம் திறந்தது. பெயர் கொடுக்காவிட்டால் கடிதத்தின் முதல் வரியையே பெயராக எடுத்துக்கொள்வது அந்த நிரலின் பழக்கம். கட்டத்தில் தானாக எழுத்து வந்து நின்றது.

‘அன்புள்ள தம்பிக்கு.’

முதல் பக்கத்திலிருந்து அவர்கள் பார்த்தது அந்த ஒரு வரிதான். ஸ்க்ரூ வாங்கிவா என்று சீட்டு எழுதினாலும் சரி, ‘அன்புள்ள’ எல்லாம் போடாமல் பெயரை மட்டும் எழுதுகிற மனிதர் அண்ணன். திருப்புளி கண்ணைத் துடைத்துக்கொண்டு சரி என்பதை அழுத்தினான்.

திரை வெள்ளையாயிற்று.

நாலு பத்து. நாலு பதினைந்து. டிஸ்க் முனகியது, தட்டியது, முனகியது. வக்கீல் கட்டிலிலிருந்து இறங்கி அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். நாலரைக்குள் திரும்பவில்லை என்றால், இருக்கிற கொஞ்ச உயிரையும் அந்த அடுக்குகிற வேலை இழுத்துக்கொள்ளும், கடிதம் திரும்பாது. இது மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. நாலு இருபது. திருப்புளிக்கு அண்ணன் குரல் காதுக்குள் கேட்டது. தொடாதே. அவன் கையை மடியில் கட்டிக்கொண்டு தொடாமல் உட்கார்ந்திருந்தான். இப்போது செய்யக்கூடிய ஒரே வேலை அதுதான்.

நாலு இருபத்தாறுக்கு எழுத்து திரும்பி வந்தது. பென் டிரைவில் ஒரு கோப்பு. நாலு பக்கம். பிடுங்கி அண்ணி உள்ளங்கையில் வைத்தான்.

“இப்ப அணைச்சிடலாமா?”

“நாலு நிமிஷம்தானே. வரட்டும்,” என்றாள் அண்ணி.

நாலரைக்குச் சரியாக விளக்கு படபடத்தது. டிஸ்க் உறுமியது. சொன்னதெல்லாம் சொல்லியும், காரணம் தெரிந்தும், திருப்புளியின் கையில் மயிர் குத்திட்டு நின்றது. காலி நாற்காலியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை என்பது மூன்று பேருக்கும் தெரிந்தது.

பதினோரு நிமிஷம் ஓடிற்று. பிறகு அந்த விரல் தட்டுகிற சத்தம். இரண்டு தட்டு. ஒரு தட்டு. அப்புறம் ஒன்றும் இல்லை. திரையில் ‘அவள்’ அப்படியே நின்றது. பக்கத்தில் மினுக்கிக்கொண்டிருந்த கோடு மட்டும் மினுக்கவில்லை.

அண்ணி எழுந்து போய் யூ.பி.எஸ். பெட்டியின் சுவிட்சை அணைத்தாள்.

எட்டு மாதமாக அந்த அறையில் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறிச் சத்தம் நின்றதும், தெருவில் ஒரு சைக்கிள் போவது உள்ளே கேட்டது.

மீதி வேலை எளிது. ஒரு பிரஷ், ஒரு ஊதுகுழல், ஆறு ஸ்க்ரூ. பழைய டிஸ்க் வெளியே, புதிய எஸ்.எஸ்.டி. உள்ளே, பழைய ரேமுக்குப் பக்கத்தில் புது ரேம். தேவையானதையெல்லாம் கடையிலேயே ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். பொத்தானை அழுத்திப் பதினாலு வினாடியில் திரை தயார். சத்தமே இல்லை. அண்ணி பெட்டிமேல் கையை வைத்துப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது. கையை அங்கேயே கொஞ்சம் வைத்திருந்துவிட்டு எடுத்தாள்.

“படிக்கலாம்,” என்றாள் வக்கீல். “அப்பா எழுதினது. எனக்கும் உரிமை இருக்கு. அம்மாவைப் பத்தி எழுதியிருக்கு, அம்மாவுக்கு இன்னும் அதிகம் உரிமை இருக்கு.”

“உரிமை இருக்கு,” என்றாள் அண்ணி. “ஆனா எனக்குத் தெரிய வேண்டாம்னு எழுதியிருக்கார். கேஸ் முடிஞ்சுது.”

“உங்களுக்குப் பயமா இல்லையாம்மா?”

“இருக்கு. எட்டு மாசமா இருக்கு.”

அச்சடிக்க வேண்டும், ஆனால் யார் கண்ணிலும் படக்கூடாது என்றாள். திருப்புளி பென் டிரைவை வாங்கிச் செருகி, கோப்பின் பெயர்மேல் நிறுத்திவிட்டு மானிட்டரை அணைத்தான். இருட்டான திரையைப் பார்த்தபடியே திறக்கிற விசையை அழுத்தி, இருபது எண்ணி, அச்சடிக்கிற விசைகளைத் தடவி அழுத்தினான். எழுத்து கீழே பார்த்து வருகிற பிரிண்டர் அது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அண்ணி தாள்களைத் திருப்பாமலே எடுத்து, மூன்றாக மடித்தாள். பென் டிரைவையும் அதோடு சேர்த்து ஒரு பழுப்பு உறைக்குள் போட்டாள்.

திருப்புளி கையை நீட்டினான்.

“கையில தரமாட்டேன் தம்பி. கையில கொடுத்தா நீங்க மாடிப்படியிலயே நின்னு படிப்பீங்க. நான் ஜன்னல்லேர்ந்து உங்க முகத்தைப் படிச்சிடுவேன். அவர் வேண்டாம்னு சொன்னது எனக்குத் தெரிஞ்சுபோயிடும்.” உறையின் வாயில் பசையைத் தடவி, கட்டை விரலால் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நிதானமாக அழுத்தினாள். “கடுதாசின்னா தபால்ல போகணும். உங்க விலாசம் சொல்லுங்க.”

இரண்டு வருஷமாக அவன் எங்கே இருக்கிறான் என்று இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. கதவு எண்ணிலிருந்து மெதுவாகச் சொன்னான். அவள் எழுதினாள். மாடியா, கீழா என்று கேட்டு அதையும் எழுதினாள். அனுப்புநர் என்ற இடத்தில் கொஞ்சம் தயங்கி, அண்ணன் பெயரை எழுதி, தபால்தலை ஒட்டினாள்.

மூன்று பேரும் இறங்கித் தெருமுனைக்கு வந்தார்கள். ஆறு மணித் தபால் எடுக்க ஆள் வந்து, பெட்டியைத் திறந்து, கடிதங்களைப் பையில் சரித்துக்கொண்டிருந்தார்.

“மூணு நாள் ஆகும்,” என்றாள் அண்ணி. “அதுவரைக்கும் இந்தப் பக்கம் வராதீங்க. படிச்சிட்டு வாங்க.”

“படிச்சிட்டு வந்து என்ன அண்ணி சொல்றது?”

“ஒண்ணும் சொல்ல வேண்டாம். முகத்தைச் சரி பண்ணிக்கிட்டு வாங்க, போதும்.”

அவள் உறையைத் தபால்காரரிடம் நீட்டினாள். அவர் ஒட்டியது சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை விரலால் பார்த்துவிட்டு, மற்றவற்றோடு சேர்த்துப் பைக்குள் போட்டு, வாயை இழுத்துக் கட்டினார்.